தவறிய பரீட்சைக்கு நியாயம் வேண்டும்

2016 மே 17 இல் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் நேர்ந்த மண்சரிவுகளை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளியால் தடைப்பட்ட க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரியில் நடத்தப்பட்டன. நாடு முழுவதும் தடைப்பட்டால் மறு திகதி கிடைக்கிறது. தோட்டத்துப் பாதை மட்டும் அடைபட்டுப் பல்கலைக்கழகப் பரீட்சையைத் தவறவிடும் மாணவியின் கதி என்ன?

நோயுற்றவர் மருத்துவச் சான்றிதழ் சமர்ப்பித்தால், அடுத்த தடவை முதல் தோற்றமாகவே கணிக்கப்படுவது பொது வழமை. ஏனையோர் மீளத் தோற்றினால், எவ்வளவு சிறப்பாக எழுதினாலும் பெறுபேற்றுக்கு உச்சவரம்பு உண்டு. மண்சரிவுக்கு எந்த வைத்தியரும் சான்றிதழ் வழங்குவதில்லை. எனவே, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் விரிவுரையாளர்கள் ஏற்க வேண்டும். வேறு வினாத்தாள் வழங்கினால் பரீட்சையின் தரமும் குன்றாது. கண்டிப்பைத் தளர்த்துமாறு நாம் கோரவில்லை. காரணத்தை விசாரித்தறியுமாறே கோருகின்றோம்.