கடனை மாற்றும் முன் வட்டியைப் பாருங்கள்



சம்பளம் கைக்கு வந்த அன்றைக்கே பாதிக் காசு வட்டிக்காரருக்கும் கடைக் கொப்பிக்கும் போய்விடுகிறது என்ற பேச்சை ஸ்பிரிங்வெளியில் மட்டுமல்ல, ஊவாவில் எந்தத் தோட்டத்து லயத்திலும் கேட்கலாம். மாதக் கடைசியில் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறோம். அப்படி வாங்குவது சில வேளை நல்ல காரியம், சில வேளை பெரிய கேடு. எப்போது நல்லது, எப்போது கேடு என்பதை இங்கே விளக்குகிறோம். கணக்கு கொஞ்சம் வரும். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் கொப்பியும் பென்சிலும் எடுத்து வந்து பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

நம்ம பாட்டன்மார் கண்ட "துண்டு"

கடனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது தோட்டங்களுக்குப் புதிது இல்லை. நம்ம முன்னோர் இந்தியாவிலிருந்து வரும்போதே கங்காணி கொடுத்த முற்பணம் அவர்கள் பேரில் கடனாக ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரையிடமிருந்து "துண்டு" வாங்க வேண்டும். இன்ன தொகை கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விட்டுவிடுகிறேன் என்று எழுதிய கடதாசிதான் அது. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். ஆள் பிடிக்கும் போட்டியில் கூடுதலாகவும் முற்பணம் கொடுக்கும். அந்தக் கூடுதல் காசு பெரிய கங்காணி கையோடு நின்றுவிடும். கடன் மட்டும் கொழுந்து பறிக்கிறவர் பேரில் ஏறும். தோட்டம் மாற மாறக் கடன் வளர்ந்ததே தவிர ஒரு சதம் குறையவில்லை. கடைசியில் 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டம் வந்துதான் துண்டு முறை ஒழிந்தது.

இன்றைக்கு நம்மைத் துண்டு கொண்டு யாரும் கட்டி வைக்கவில்லை. ஆனாலும் கடன் கை மாறிக் கை மாறி வளருகிற பழக்கம் லயத்தை விட்டுப் போகவில்லை.

நூற்றுக்குப் பத்து என்றால் எவ்வளவு?

"நூற்றுக்குப் பத்துதானே" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அது மாதத்துக்கு. வருசத்துக்குப் பார்த்தால் நூற்றுக்கு 120. கையில் வாங்கியதைவிட வட்டி பெரிது.

ஒரு குடும்பம் 20,000 ரூபாய் வாங்கியது என்று வைப்போம். மாதம் 2,000 ரூபாய் வட்டி. 11 மாதம் ஒழுங்காகக் கட்டினால் 22,000 ரூபாய் போயிருக்கும். அப்போதும் முதல் 20,000 அப்படியே நிற்கும்.

அதே வீட்டில் ஒரு சங்கிலி இருக்கிறது. அதை வங்கியில் வருசத்துக்கு 18 சதவீத வட்டிக்கு அடகு வைத்து, அந்த 20,000த்தை எடுத்து வட்டிக்காரரைத் தீர்த்துவிடுகிறார்கள். முதல் மாத வட்டி 300 ரூபாய்தான். வழக்கமாகக் கட்டி வந்த அதே 2,000 ரூபாயை வங்கியில் கட்டினால் 1,700 ரூபாய் முதலில் கழியும். அடுத்த மாதம் வட்டி இன்னும் குறையும். இப்படிக் கட்டிவந்தால் 11ஆம் மாதம் கடன் முடிந்து சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். மொத்த வட்டி 2,000 ரூபாய்க்கும் குறைவு. கையிலிருந்து போன காசு ஏறக்குறைய ஒன்றேதான். ஒரு பக்கம் கடன் தீர்ந்தது, மறு பக்கம் ஒரு சதமும் குறையவில்லை.

ஆனால் கவனியுங்கள். வட்டி குறைந்துவிட்டதே என்று மாதம் 300 மட்டும் கட்டிவிட்டு மீதியைச் செலவழித்தால் இந்தக் கணக்கு நடக்காது. பழைய தொகையையே தொடர்ந்து கட்ட வேண்டும்.

வட்டி வீதம் மாறிக்கொண்டே இருக்கும்

வங்கி அடகு வட்டிக்கு மத்திய வங்கி 2020 ஆகஸ்டில் வருசத்துக்கு 10 சதவீதம் என்று உச்ச எல்லை போட்டது. நாடு நெருக்கடியில் இருந்த 2022 ஏப்ரலில் அந்த எல்லை எடுபட்டது. 2023 ஆகஸ்டில் 18 சதவீதம் என்று மறுபடி எல்லை வந்தது. ஆகவே போன வருசம் பக்கத்து வீட்டார் கட்டிய வட்டியை நம்பிப் போகாதீர்கள். போகிற அன்றைக்கே கவுண்டரில் கேளுங்கள்.

பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கிறவர்களும் வங்கி மேலதிகப்பற்றைக் கடன் அட்டைக்கு மாற்றுவது உண்டு. 2023இல் அதே அறிவித்தலில் மேலதிகப்பற்றுக்கு உச்சம் 23 சதவீதம், கடன் அட்டைக்கு 28 சதவீதம். வீதத்தைக் கேட்காமல் மாற்றினவர்கள் குறைந்த வட்டியை விட்டுக் கூடின வட்டிக்குப் போயிருப்பார்கள். படித்தவர்களுக்கும் கேட்டுப் பார்க்காவிட்டால் நட்டம்தான்.

கிழமைக் கடன்

வட்டிக்காரரைத் தீர்க்க நுண்கடன் கம்பனியில் குழுவாகச் சேர்ந்து எடுக்கிறவர்கள் அதிகம். அதில் இரண்டு விசயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, சொல்கிற வட்டியும் உண்மை வட்டியும். 50,000 ரூபாய்க்கு 24 சதவீதம் என்று 12,000 வட்டி போட்டு, 62,000 ரூபாயை 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபாய். கிழமைக்குக் கிழமை முதல் குறைந்துகொண்டு வருகிறது. வட்டியோ முழு 50,000த்துக்கும் வருசம் முழுக்கப் போட்டது. சரியாகக் கணக்குப் பார்த்தால் அது வருசத்துக்கு 44 சதவீதம் அளவில் வரும். "குறைந்து செல்லும் மீதிக்கு வட்டியா, முழுத் தொகைக்கும் வட்டியா?" என்று கையெழுத்து வைக்கும் முன் கேளுங்கள்.

இரண்டு, நமக்குச் சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை. அறவிடுகிறவர் வருவது மாதத்தில் நாலு முறை. முதல் கிழமை சம்பளக் காசில் கட்டுகிறோம். மற்றக் கிழமைகளுக்கு எங்கே போவது? பழைய வட்டிக்காரரிடம்தான் போகிறோம். எடுக்கிறதானால் மாதத் தவணை கிடைக்கிற இடத்தில் எடுங்கள்.

2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் ஒருவர், சில நுண்கடன்களின் வட்டி 220 சதவீதம் வரை போவதைச் சுட்டிக் காட்டினார். அதே வருசம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. இன்னொரு தடவை அப்படி வரும் என்று காத்திருந்து கடன் எடுக்கக் கூடாது.

நகை இல்லாதவர்களுக்கு

எல்லார் வீட்டிலும் சங்கிலி இருக்காது. தோட்டத்தில் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கமோ, தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கமோ இயங்கினால் அங்கத்துவம் எடுத்துச் சின்னச் சேமிப்புப் போட்டு வையுங்கள். பிறகு கடன் கேட்க ஒரு வழி இருக்கும். தீபாவளி அட்வான்சைப் பட்டாசுக்கும் புடவைக்கும் முழுக்கப் போடாமல், ஒரு பங்கைக் கூடின வட்டிக் கடனில் கழித்தாலும் நன்மைதான். இரண்டு மூன்று கடன் இருந்தால் எது கூடின வட்டியோ அதை முதலில் அடையுங்கள். மற்றதுக்குக் கட்ட வேண்டிய தவணையை மட்டும் தவறாமல் கட்டுங்கள்.

மாற்றும்போது மறக்கக் கூடாதவை

1. புதுக் காசு வீட்டுக்கு வரக் கூடாது. நேரே பழைய கடனுக்குப் போக வேண்டும். இடையில் ஒரு நாள் வீட்டில் இருந்தால் நூறு செலவு வரும்.

2. பழைய கடன் தீர்ந்ததும் கையெழுத்து வைத்துக் கொடுத்த வெற்றுக் கடதாசி, அடையாள அட்டைப் பிரதி, வங்கி அட்டை எல்லாவற்றையும் திருப்பி வாங்குங்கள். "முழுதும் தீர்ந்தது" என்று எழுதி, சாட்சி முன்னிலையில் கையெழுத்து வாங்குங்கள். வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் யாரிடமும் ஈடாகக் கொடுக்காதீர்கள். சம்பளமே அவர் கையில் போய்விடும்.

3. அடகுச் சீட்டில் நிறை, தொகை, வட்டி, முடிகிற திகதி எல்லாம் சரியா என்று அங்கேயே பாருங்கள். திகதி தவறி, மீட்காமலும் புதுப்பிக்காமலும் விட்டால் நகை ஏலத்துக்குப் போகும். தேவைக்கு மேல் ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள்.

4. வட்டிக்காரர் மிரட்டினால் பயந்து இன்னொரு கடன் வாங்காதீர்கள். வட்டி அளவுக்கு மீறியிருந்தால் அந்தக் கணக்கை நீதிமன்றம் திரும்பப் பார்க்க 1918ஆம் ஆண்டின் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் இடம் கொடுக்கிறது. வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் பதுளை நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

இந்தச் சம்பளம் கையில் வந்ததும் புருசனும் பெண்சாதியுமாக உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரு கடதாசியில் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு முதல், மாதம் எவ்வளவு வட்டி என்று மூன்று கோடு போட்டால் போதும். ஒளிக்காமல் எழுதுங்கள். அந்தக் கடதாசியோடு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.