வெந்நீர் வாயிலில் ஒரு தூண்டில்

இங்கிலாந்தின் டிரென்ட் ஆற்றில் ஜனவரி மாதம் தூண்டில் போடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. தண்ணீர் 4, 5 பாகை செல்சியஸுக்கு இறங்கிவிடும். மீன்கள் ஆழத்தில் அசையாமல் கிடக்கும். வாயருகே புழு வந்து நின்றாலும் திரும்பிப் பாரா. ஆனால், கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் அதே ஆற்றின் சில இடங்களில் நிலைமை வேறாக இருந்தது. கரையோர அனல் மின்நிலையங்கள் வெளியேற்றிய இளஞ்சூட்டு நீர் ஆற்றில் கலந்த துறைகளில், உறைபனி விழும் காலையிலும் தூண்டில்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ரோச், சப், பார்பல் என்று கூடை நிறையும். அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றங்கரையில் இன்றும் இதே காட்சிதான். குளிர்காலம் வந்தால் அங்குள்ள மீன்பிடிகாரர்கள் முதலில் தேடிப் போகும் இடம் மின்நிலையத்தின் வெந்நீர் வாயில்.

இலங்கையின் ஊவா மலைச்சரிவிலுள்ள கொஸ்லந்தவில் இருந்து பார்த்தால் இது தூரத்துச் சங்கதியாகத் தோன்றலாம். ஊவாவில் அனல் மின்நிலையமும் இல்லை, உறையும் ஆறும் இல்லை. இருந்தும் டிரென்ட் ஆற்று மீனை ஆளுகிற அதே வெப்பக் கணக்குத்தான் இங்கு ஓடும் பூனாகலை ஓயாவின் மீனையும் ஆளுகிறது. ஏழெட்டுப் பாகை கூடினாலும் குறைந்தாலும் ஒரு மீனின் வாழ்க்கை முழுவதும் மாறிவிடுகிறது.

பசியைத் தீர்மானிப்பது தண்ணீர்

மனித உடல் தன் வெப்பத்தைத் தானே 37 பாகையில் வைத்துக்கொள்கிறது. மீனுக்கு அந்த வசதி கிடையாது. சூரை போன்ற சில கடல் மீன்களை விட்டுவிட்டால், சுற்றியுள்ள நீரின் வெப்பம் எதுவோ அதுவே மீனுடலின் வெப்பம். உடலுக்குள் நடக்கும் வேதிவினைகளும் அதற்கேற்பவே நடக்கும். தாங்கும் எல்லைக்குள் 10 பாகை கூடினால் அந்த வினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், சில வேளை மூன்று மடங்காகும். குளிரில் இது தலைகீழாகும். இதயம் மெதுவாகத் துடிக்கும், செரிமானநீர் மந்தமாக வேலை செய்யும், விழுங்கிய இரை நாள்கணக்கில் வயிற்றிலேயே கிடக்கும். அப்படிப்பட்ட மீனுக்குப் பசியே எடுப்பதில்லை.

ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுவரெலியாவுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் கொண்டுவந்த டிரவுட் மீன், 20 பாகைக்குக் குறைவான நீரில்தான் செழிக்கும். 25ஐத் தொட்டால் உயிருக்குத் தத்தளிக்கும். 1952இல் இலங்கைக்கு வந்து குளங்களையெல்லாம் நிரப்பிய திலாப்பியா நேர்மாறானது. 30 பாகை நீர் அதற்கு உவப்பு. தண்ணீர் 10, 12 பாகைக்கு இறங்கினால் அது பிழைப்பதே கடினம். ஒரே மாகாணத்தில் மலை உச்சியில் ஒன்றும் அடிவாரத்தில் மற்றொன்றுமாக இவை வாழ முடிவதற்குக் காரணம் இடையிலுள்ள உயரம்தான்.

மீன்கள் வெப்பத்தை உணரும் திறனும் மிக நுட்பமானது. ஒரு பாகைக்கும் குறைந்த வித்தியாசத்தையே அவை கண்டுகொண்டு, தமக்கு ஏற்ற நீரை நோக்கி நகரும். மின்நிலையத்தின் வெந்நீர் ஆற்றில் இறங்கியதும் சுற்றுவட்டாரத்து மீன்கள் அங்கே கூடுவது இப்படித்தான்.

இரை விழ வேண்டிய இடம்

அனல் மின்நிலையம் எரிபொருளின் வெப்பம் முழுவதையும் மின்சாரமாக்குவதில்லை. பழைய நிலக்கரி நிலையம் ஒன்றில் 100 பங்கு வெப்பத்தில் 35 முதல் 40 பங்கு வரைதான் மின்சாரமாகும். மிச்சத்தில் பெரும்பகுதி, சுழலியைச் சுற்றிவிட்டு வரும் நீராவியை மீண்டும் நீராக்கும் குளிர்விப்பு நீரோடு வெளியே போகிறது. ஆற்றிலிருந்து உறிஞ்சிய நீர் குழாய்களுக்குள் ஓடி, சில நிமிடங்களில் 7 முதல் 10 பாகை வரை கூடுதல் சூட்டோடு ஆற்றுக்கே திரும்புகிறது.

சூடான நீர் எடை குறைந்தது. ஆகவே அது உடனே கலந்துவிடாமல், ஆற்றின் மேற்பரப்பில் ஒரு தனி நீரோட்டமாகக் கொஞ்ச தூரம் ஓடும். அனுபவசாலிகள் அதன் நடுவில் தூண்டிலை வீசமாட்டார்கள். சூட்டு நீரும் குளிர் நீரும் உரசும் ஓரத்தில் நுரையும் சருகும் ஒரு கோடாக மிதந்து போகும். அந்தக் கோட்டை ஒட்டி ஓட்டம் தணிந்த பக்கத்தில்தான் மீன் நிற்கும். சக்தியை வீணாக்காமல் நின்றபடி, ஓட்டம் அள்ளிவரும் சிறு மீன்களையும் பூச்சிகளையும் அது எட்டிப் பிடித்துக்கொள்ளும். அதனால் தக்கையைச் சூட்டு நீரில் விட்டு, தங்கூசியை மெல்லத் தளர்த்தி, இரை தானாக அந்த ஓரத்துக்கு வந்து சேரும்படி செய்வார்கள். சிலர் நூலில் ஒரு வெப்பமானியைக் கட்டி இறக்கிப் பார்த்த பிறகே இடம் பிடிப்பார்கள்.

இரையிலும் கணக்கு இருக்கிறது. குளிர்ந்த நீரில் அரைப் புழுவும் சிறிய முள்ளும் போதும். மந்தமான மீன் அதற்கு மேல் விழுங்காது. வெந்நீர்த் துறையில் முழு மண்புழு, பாண் துண்டு, வெட்டிய சிறு மீன் எல்லாம் எடுபடும்.

ஆலை நின்ற இரவு

இந்த விருந்துக்கு ஒரு விலையுண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆய்ஸ்டர் கிரீக் அணுமின் நிலையத்தின் வெந்நீரை நம்பி மென்ஹேடன் என்ற மத்தி இன மீன்கள் குளிர்காலத்தில் தெற்கே வலசை போகாமல் அங்கேயே தங்கின. 1972 ஜனவரியில் நிலையம் நிறுத்தப்பட்டது. வெந்நீர் நின்றதும் குளிர்நீர் சூழ்ந்து, ஏராளமான மீன்கள் செத்து மிதந்தன. உடல் மெல்ல மெல்லக் குளிருக்குப் பழகியிருந்தால் அல்லது அவை உரிய காலத்தில் தெற்கே போயிருந்தால் பிழைத்திருக்கும்.

ஆவுளியாவின் உறவான மனாட்டி என்னும் கடற்பசுக்களும் புளோரிடாவில் இதே சிக்கலில் மாட்டியுள்ளன. தண்ணீர் 20 பாகைக்குக் கீழே போனால் அவை தாங்காது என்பதால், குளிர்காலத்தில் மின்நிலையங்களின் வாய்க்கால்களில் நூற்றுக்கணக்கில் ஒதுங்குகின்றன. பழைய நிலையங்களை மூடும் காலம் வரும்போது இவற்றை எங்கே அனுப்புவது என்று அங்குள்ள உயிரியலாளர்கள் இப்போதே யோசிக்கிறார்கள்.

சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தின் வெந்நீர், கடலோரத்தில் கரைகட்டி அமைத்த ஓர் ஆய்வு ஏரிக்குள் 1980 முதல் விடப்படுகிறது. சுற்றியுள்ள கடலைவிடப் பல பாகை சூடான அந்த ஏரியில் மீன்கள் வேகமாக வளர்ந்தன. ஆனால் ஆண்டு முழுவதும் சூட்டிலேயே இருந்த பெண் மீன்கள் சிலவற்றின் கருமுட்டை வளர்ச்சி கெட்டிருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். முட்டை முதிர்வதற்குக் குளிர்காலமும் தேவைப்படுகிற மீன்கள் அவை.

நம் கடலில் கணக்கு வேறு

குளிர்நாட்டு ஆறு 5 பாகையில் இருக்கும்போது அதோடு 8 பாகை சேர்ந்தால் மீனுக்குச் சொகுசு. நம் கடல்நீர் 28, 30 பாகையில் இருக்கிறது. அதோடு 7 பாகை சேர்த்தால் பல உயிர்களின் தாங்கும் எல்லையே நெருங்கிவிடும். சூடேறும்போது நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனும் குறைகிறது. 10 பாகை நன்னீரில் லீட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் கரையக்கூடிய ஒட்சிசன், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். உடலுக்கு அதிகம் வேண்டிய நேரத்தில் தண்ணீரில் குறைவாக இருக்கிறது.

தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையம் 1980களில் இருந்து கடல்நீரால் குளிர்விக்கப்படுகிறது. குழாய்களில் பச்சைச் சிப்பிகள் ஒட்டி வளராதிருக்க அந்த நீரில் குளோரினும் சேர்க்கப்படுகிறது. வெப்பம், குளோரின், உறிஞ்சு குழாய்க்குள் இழுபட்டுப் போகும் மீன்குஞ்சு ஆகிய மூன்றையும் அங்குள்ள விஞ்ஞானிகள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். இந்திய விதிப்படி 1999 ஜூனுக்குப் பின் கட்டப்படும் கடலோர அனல் நிலையங்களின் வெந்நீரால், அது விடப்படும் நீர்நிலையின் வெப்பம் 7 பாகைக்கு மேல் உயரக்கூடாது. ஆற்று நீரையோ ஏரி நீரையோ பயன்படுத்தும் புதிய நிலையங்கள் குளிர்விப்புக் கோபுரம் கட்டியாக வேண்டும்.

சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் இந்தப் பிரச்சினையை மீனவர்கள் நேரில் அனுபவிக்கிறார்கள். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் அந்த இடத்தில், தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடித்தே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வடசென்னை அனல் மின்நிலையத்தின் வெந்நீரும் சாம்பற்கழிவும் தங்கள் தொழிலைக் கெடுத்துவிட்டன என்று கழிமுகத்து மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். இலங்கையில் நுரைச்சோலை நிலக்கரி நிலையம் 2011இல் தொடங்கி 2014இல் 900 மெகாவாட்டை எட்டியது. அதுவும் கடல்நீரால் குளிர்விக்கப்படுவதுதான்.

கொஸ்லந்தச் சரிவு

அப்புத்தளை ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய 200 மீட்டரளவில். ஆயிரம் மீட்டர் இறங்கினால் காற்று ஆறு பாகைக்கு மேல் சூடாகும் என்பதால், கொஸ்லந்த வழியாக இறங்கும் இந்தச் சரிவின் இரு முனைகளுக்கும் இடையே ஏழெட்டுப் பாகை வித்தியாசம். ஒரு மின்நிலையம் சில நிமிடங்களில் ஏற்றும் வெப்பம் அது. மலையில் பிறக்கும் ஓடை அந்த அளவு சூடாவதற்கு இந்தச் சரிவு முழுவதையும் கடக்க வேண்டும். மேலே வாழ முடியாத மீன்கள் கீழே படிப்படியாகத் தலைகாட்டும்.

பூனாகலை ஓயா தியலும நீர்வீழ்ச்சியாக 220 மீட்டர் விழுகிறது. அந்த வீழ்ச்சி தண்ணீரைச் சூடாக்குமா என்ற கேள்வி புதிதல்ல. இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் 1847இல் ஆல்ப்ஸ் மலையில் ஒரு நீர்வீழ்ச்சியின் மேலும் கீழும் வெப்பத்தை அளக்க முயன்றார். சாரல் அதிகமாக இருந்ததால் அளவீடு கைகூடவில்லை. விழும் நீரின் ஆற்றல் வெப்பமாக மாறும் என்ற அவருடைய விதிப்படி தியலும நீர் அடையக்கூடிய கூடுதல் வெப்பம் வெறும் அரைப் பாகை.

2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட 120 மெகாவாட் உமா ஓயா மின்நிலையம் இந்த வட்டாரத்தில் புதிய கேள்வியைக் கொண்டுவந்திருக்கிறது. வெலிமடைப் பக்கத்து மலைநீர் நீண்ட சுரங்கத்துக்குள் புகுந்து, சுமார் 700 மீட்டர் இறங்கி, வெல்லவாயவுக்கு அருகே நிலத்தடி நிலையத்தில் சுழலிகளைச் சுற்றிவிட்டு, கிரிந்தி ஓயாப் படுகையில் வெளிவருகிறது. நீர்மின் சுழலி தண்ணீரைச் சூடாக்குவதில்லை. வெயில் படாமல், பாறையில் தவழாமல், மலைநீர் அடிவாரத்தை அடைகிறது. டிரென்ட் ஆற்றில் நடந்ததற்கு இது நேர்மாறு. குளிர்ந்த நீர் வந்து சேரும் இடத்தில் மீனினங்கள் எப்படி மாறுகின்றன என்பதைத் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்தால்தான் பின்னர் ஒப்பிட முடியும்.

மின்நிலையமே இல்லாமலும் ஓடையைச் சூடாக்கலாம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் அல்சீ படுகை ஆய்வில், ஒரு சிற்றோடையின் கரைமரங்கள் உட்பட காடு முழுவதும் 1966இல் வெட்டப்பட்டது. மறு ஆண்டு அந்த ஓடையின் உச்ச வெப்பம் 14 பாகையிலிருந்து 29 பாகைக்குத் தாவியது. மாதச் சராசரி உச்சம் ஏறக்குறைய 8 பாகை கூடியது. தேயிலைத் தோட்டங்களுக்குள் ஓடும் ஓடைகளுக்கும் இதே விதிதான். கரையில் மரம் நிற்கும் இடத்தில் தண்ணீர் குளிர்ந்திருக்கும். மரத்தை வெட்டி, கரைவரை தேயிலையோ மரக்கறியோ நட்ட இடத்தில் நண்பகல் வெயில் நேரே விழும். லயத்துப் பிள்ளைகள் மூங்கில் தடியில் தங்கூசி கட்டி, பழைய ரப்பர் செருப்பில் அறுத்த துண்டைத் தக்கையாக்கி, மண்புழு கோத்துக் காத்திருக்கும் பள்ளங்கள் இத்தகைய ஓடைகளில்தான் இருக்கின்றன.

இதை அளப்பதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். கொஸ்லந்தப் பாடசாலை ஒன்று மார்கழியில் ஒரு நாள், பங்குனியில் ஒரு நாள், நிழலுள்ள பள்ளத்திலும் நிழலற்ற பள்ளத்திலும் காலை, நண்பகல் வெப்பத்தை அளந்து, அங்கே பிடிபடும் மீனின் பெயரோடு குறித்துவைத்தாலே போதும். ஐந்தாண்டுகளில் எந்த ஓடையின் கரைக்கு முதலில் மரக்கன்று வேண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் எண்களோடு எடுத்துச் சொல்ல முடியும்.