'நல்லா இருக்கோம்' – அந்த ஒரு வார்த்தைக்காக...

2017 செப்டம்பர் 20, புதன்கிழமை. காலை ஆறேகால் மணிக்கு மரியா புயல் யபுக்கோவா என்ற ஊருக்கு அருகே புவேர்ட்டோ ரிக்கோ தீவில் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு சுமார் 250 கிலோமீட்டர். நியூயார்க்கிலும் ஃபுளோரிடாவிலும் இருந்த பிள்ளைகள் ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் தங்கைக்கும் விடாமல் போன் போட்டார்கள். கொஞ்ச நேரம் மணி அடித்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள கரீபியன் தீவு புவேர்ட்டோ ரிக்கோ. அப்போது அங்கே இருந்தவர்கள் சுமார் 33 லட்சம் பேர். அமெரிக்கப் பெருநிலத்தில் வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினரோ 50 லட்சத்துக்கும் மேல். அதாவது, புயலுக்குள் இருந்தவர்களைவிட, தூரத்தில் உட்கார்ந்து தவித்தவர்கள் அதிகம்.

அந்தத் தவிப்பு சில நாள் முன்பே தொடங்கிவிட்டது. அட்லாண்டிக் கடலில் ஹரிகேன் எனப்படும் கடும் புயல் உருவானால், மயாமியில் உள்ள தேசிய ஹரிகேன் மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை விடும். அதோடு ஒரு வரைபடம் வரும். புயலின் மையம் எந்தப் பக்கம் போகலாம் என்று காட்டும் வெள்ளைக் கூம்பு அதில் இருக்கும். உறவுகள் அங்கே மாட்டிக்கொண்டவர்களுக்கு அடுத்த அறிக்கை வரும்வரை வேறு வேலை ஓடாது. கூம்பு அரை விரற்கடை வடக்கே நகர்ந்தால் மூச்சு வரும். தெற்கே திரும்பினால் வயிறு கலங்கும். ஆனால் அந்தக் கூம்பு மையத்தின் பாதையை மட்டும்தான் சொல்கிறது, புயல் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. கூம்புக்கு வெளியே இருக்கும் ஊரும் அடிவாங்கலாம். 'எங்கள் ஊர் கூம்புக்குள் இல்லை' என்று நிம்மதி அடைந்தவர்கள் பிறகு கலங்கிப்போன கதை பல புயல்களில் நடந்திருக்கிறது.

மரியா வளர்ந்த வேகமும் மிரட்டலானது. ஏறக்குறைய ஒரே நாளில், சாதாரண ஹரிகேன் என்ற நிலையிலிருந்து ஐந்தாம் வகைக்கு, அதாவது உச்ச வகைக்கு, எகிறியது. செப்டம்பர் 18 இரவு முதலில் டொமினிகா என்ற சின்னத் தீவை அடித்தது. அந்த நாட்டுப் பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட், தன் வீட்டுக் கூரையே பறந்துவிட்டதாக அந்த இரவிலேயே ஃபேஸ்புக்கில் எழுதினார். கொஞ்ச நேரத்தில் டொமினிகாவிலிருந்து செய்தி வருவதே நின்றது. பிரதமர் வீட்டுக்கே அந்தக் கதி என்றால் தகரக் கூரைக்குள் இருக்கும் பாட்டியின் கதி என்ன? புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் அந்தக் கேள்வியோடுதான் அடுத்த இரவைக் கழித்தார்கள்.

தீவின் தென்கிழக்கு முனையில் ஏறிய புயல், குறுக்கே கிழித்துக்கொண்டு வடமேற்கே கடலில் இறங்கியது. தீவு முழுக்க மின்சாரம் போனது. செல்போன் கோபுரங்களில் சுமார் 95 சதவீதம் செயலிழந்தன. கயேய் மலையில் இருந்த வானிலை ரேடாரையே காற்று நொறுக்கிவிட்டது.

தீவில் 78 நகராட்சிகள் உண்டு. பெருநிலத்தில் இருந்தவர்கள் சமூக வலைதளங்களில் தங்கள் ஊரின் பெயரை மட்டும் எழுதத் தொடங்கினார்கள். 'உமக்காவோவில் யாராவது இருக்கிறீர்களா? அந்தத் தெருவைப் பார்த்தீர்களா?' என்பது போன்ற கேள்விகள். நாடகக் கலைஞர் லின்-மேனுவல் மிராண்டாவின் குடும்ப வேர் அந்தத் தீவில்தான். தன் கண்முன் ஓடிய அந்த ஊர்ப் பெயர்களை வைத்தே நிவாரண நிதிக்காக ஒரு பாடல் செய்து அக்டோபர் 6 அன்று வெளியிட்டார். 78 பெயர்களும் அதில் வரும். நமக்கு அது வெறும் பட்டியலாகத் தெரியலாம். தன் ஊர்ப் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்து கேட்டவர்களுக்கு அது அப்படி இருந்திருக்காது.

தீவுக்குள் இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. எங்கோ ஒரு கோபுரம் மட்டும் உயிரோடு இருக்கிறது என்று கேள்விப்பட்டால், நெடுஞ்சாலை ஓரத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு, கையை உயரத் தூக்கிப் போனில் சிக்னல் தேடினார்கள். புயலிலும் ஒலிபரப்பை விடாத வாப்பா ரேடியோ வழியாகத் தங்கள் செய்தியைச் சொல்ல, மக்கள் அந்த நிலையத்துக்கே தேடிப் போனார்கள். செஞ்சிலுவைச் சங்கம் ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலியை இயக்குபவர்களை உதவிக்கு அழைத்தது. 22 தன்னார்வலர்கள் கருவிகளோடு தீவுக்குப் போனார்கள். 'இன்னார் நலம்' என்ற தகவலை வெளியே கொண்டுவருவது அவர்கள் வேலைகளில் ஒன்று. அரிசி மூட்டைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் உள்ள அவசரம் அந்தத் தகவலுக்கும் உண்டு என்பது என் உறுதியான கருத்து. நிவாரணக் கணக்கில் அதை யாரும் சேர்ப்பதில்லை.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2004 சுனாமியின்போது ஹாம் ரேடியோ முயற்சி ஒன்றுக்காக அந்தமானின் போர்ட் பிளேருக்குப் போயிருந்தவர் பாரதி பிரசாத். மற்ற தொடர்புகள் அறுந்துபோன நேரத்தில், அவரும் அவர் குழுவினரும் அங்கிருந்து அனுப்பிய தகவல்கள்தான் பல குடும்பங்களுக்கு முதல் செய்தி. மரியா அடித்த அதே 2017இல், நவம்பர் 30 அன்று, ஒக்கி புயல் வந்தது. குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கரைகளில் நின்ற பெண்களுக்குப் போன் போட்டுப் பார்க்கக்கூட வழியில்லை. ஆழ்கடலுக்குப் போன விசைப்படகில் கணவனும் மகனும் இருந்தார்கள். அங்கே எச்சரிக்கையும் எட்டவில்லை, செய்தியும் திரும்பவில்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ஆயிரக்கணக்கானோர் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். 'எங்கள் ஆட்களைத் தேடுங்கள்' என்பதுதான் அவர்கள் கேட்டது.

தூரத்தில் இருப்பவர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள் என்று சொல்வது சுலபம். புவேர்ட்டோ ரிக்கோவில் அந்தப் பயம் பொய்யாகவில்லை. அரசு பல மாதங்கள் சொல்லிவந்த இறப்புக் கணக்கு 64. காற்றில் மரம் விழுந்தும் வெள்ளத்தில் சிக்கியும் இறந்தவர்கள் அதில் வந்தார்கள். மின்சாரம் இல்லாமல் ஆக்சிஜன் கருவி நின்றவர்களும், இன்சுலினைக் குளிரில் வைக்க முடியாதவர்களும் பலர் கணக்கில் சேரவில்லை. வியேக்கஸ் என்ற பக்கத்துத் தீவில் மருத்துவமனை சேதமானதால், டயாலிசிஸ் தேவைப்பட்ட நோயாளிகளை விமானத்தில் ஏற்றிப் பெரிய தீவுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டியிருந்தது. மின்சாரம் தீவு முழுக்கத் திரும்பக் கிட்டத்தட்ட 11 மாதங்கள் ஆயின.

2018 ஜூன் 1 அன்று தலைநகர் சான் ஹுவானில் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் மக்கள் செருப்புகளையும் காலணிகளையும் கொண்டுவந்து வைத்தார்கள். வயதானவர்கள் போட்டுத் தேய்ந்த செருப்புகள், வேலைக்குப் போட்ட பூட்ஸ்கள், குழந்தைகளின் சின்ன ஷூக்கள். சிலவற்றில் பெயர் எழுதிய சீட்டு இருந்தது. கணக்கில் வராத தங்கள் மனிதர்களை அவர்கள் அப்படித்தான் எண்ணிக் காட்டினார்கள். ஆகஸ்ட் 28 அன்று, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு வெளியானபின், அரசு தன் எண்ணிக்கையை மாற்றியது: 2,975. அம்மா போனை எடுக்கவில்லையே என்று முதல் நாளே பதறிய பிள்ளைகளுக்குத் தெரிந்தது அரசுக்குத் தெரிய 11 மாதங்கள் பிடித்தன.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடற்கரைக்கும் இதே பாடுதான். புயல் சின்னம் உருவானது என்ற செய்தி வந்த அன்றே சில காரியங்கள் செய்துவிடுங்கள். வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவரைப் பொது ஆளாகப் பேசி வையுங்கள். யாருக்கு லைன் கிடைத்தாலும் அவருக்குத் தகவல் சொன்னால் போதும், மற்றவர்கள் அவரைக் கேட்டுக்கொள்வார்கள். அவர் எண்ணையும் இன்னும் இரண்டு எண்களையும் பேப்பரில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் உள்ள பெரியவர்கள் கையில் கொடுங்கள்; போன் அணைந்துவிட்டால் அதற்குள் இருக்கும் எண்ணால் பயனில்லை. அழைப்பு போகாத நேரத்தில் குறுஞ்செய்தி போகக்கூடும், அதை அனுப்பிப் பாருங்கள். பேட்டரி ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். மருந்து சாப்பிடுபவர்களுக்கு இரண்டு வாரத்துக்கானதை வாங்கி வையுங்கள். இன்று இரவு ஊருக்குப் போன் பேசும்போது, அந்தப் பொது ஆள் யார் என்பதை முடிவு செய்துவிடுங்கள்.