ஏறாவூர்க் கிணற்று நீரின் வன்மை

ஏறாவூரில் பல வீடுகளின் குழாயில் வருவது வளவுக் கிணற்று நீர். மோட்டார் அதைத் தாங்கிக்கு ஏற்ற, அங்கிருந்து குசினிக்கும் குளியலறைக்கும் இறங்குகிறது. அந்த நீரில் கரைந்துள்ள கல்சியம், மக்னீசியம் உப்புகளே அதை வன்னீராக்குகின்றன. இவற்றைக் கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு அளப்பது வழக்கம்: லீற்றருக்கு 60 மில்லிகிராம் வரை மென்னீர், 180ஐத் தாண்டினால் மிகுந்த வன்னீர். இலங்கையின் குடிநீர்த் தரம் 250 மில்லிகிராம் வரை இடமளிக்கிறது.

யாழ்ப்பாணத்தில் வன்மைக்குக் காரணம் நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக்கல். ஏறாவூர் அமைந்த மட்டக்களப்புக் கரையோரத்தில் அந்தக் கல் இல்லை. கருங்கல்லின் மேல் மணல் படிந்த நிலம் இது. மணலில் கலந்த சிப்பி ஓடுகளை, மண்ணிலிருந்து காபனீரொட்சைட்டை ஏற்று இறங்கும் மழைநீர் மெல்லக் கரைக்கிறது. இதைவிட முக்கியமானது மட்டக்களப்பு வாவி. கடலோடு தொடர்புள்ள அதன் உவர்நீருக்கு மேல் நிலத்தடி நன்னீர் மெல்லிய படையாகவே மிதக்கிறது. கடல்நீரின் வன்மை லீற்றருக்கு 6,000 மில்லிகிராமுக்கும் மேல், பெரும்பகுதி மக்னீசியம். ஆகவே நூறு குடம் நன்னீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே வன்மை 120 மில்லிகிராம் அளவுக்குக் கூடிவிடும். மோட்டாரால் விடாமல் இறைக்கும்போது அடியிலிருக்கும் உவர் மேலேறி இப்படிக் கலக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் உப்பேறிய கரையோரக் கிணறுகளை அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டதும் இதனாலேயே. மாரி மழையில் வன்மை தணியும், கோடையில் ஏறும்.

வீட்டில் முதலில் தெரிவது சவர்க்காரத்தில்தான். நுரைக்குமுன் அது கல்சியத்தோடு சேர்ந்து கரையாத வெண்கசடாகிறது. 300 மில்லிகிராம் வன்மையுள்ள 15 லீற்றர் வாளி நீரில், கணக்குப்படி ஏறத்தாழ 27 கிராம் சவர்க்காரம் நுரைக்காமலே போய்விடும். அந்தக் கசடுதான் துணியை மொரமொரப்பாக்கி, தலைமுடியில் பிசுபிசுப்பையும் தரையோட்டில் வெள்ளைப் படிவையும் விடுகிறது. சலவைத்தூளுக்கு இந்தச் சிரமம் குறைவு.

கேத்தலின் அடியில் படியும் கல் வேறு வகை. கொதிக்கும்போது இருகாபனேற்று சிதைந்து கல்சியம் காபனேற்று பிரிகிறது. வெப்பத்தை எளிதில் கடத்தாத இந்தப் படிவு மின்கேத்தலின் சுருளை மூடினால், மின்சாரம் கூடச் செலவாகும். சுருளும் விரைவில் பழுதாகும். வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு கலந்த நீரை ஒரு மணி நேரம் விட்டால் கல் கரைந்துவிடும். அலுமினியப் பாத்திரத்தில் நெடுநேரம் விடக்கூடாது. தேத்தண்ணியின் மேல் மிதக்கும் ஆடையும் இதே கல்சியத்தின் வேலை. தேசிக்காய் பிழிந்தால் அது தோன்றாது. கடலை வேகாமல் அடம்பிடிப்பதற்கும் நீர் காரணமாகலாம். கலச்சுவரின் பெக்டினைக் கல்சியம் இறுக்கிவிடுவதால் நோன்பு மாதத்துக் கடலைக்குக் காஸ் கூடப் பிடிக்கும். பிடித்து வைத்த மழைநீரில் ஊறவைத்து அவித்தால் வேறுபாடு விளங்கும்.

கொதிக்க வைத்தால் இருகாபனேற்றால் வரும் வன்மை மட்டுமே நீங்கும். உவர் கலப்பால் சேரும் மக்னீசியக் குளோரைட்டு அப்படியே இருக்கும். மண் வடிகட்டிகளும் வன்மையை நீக்குவதில்லை. இது தெரியாமல் பணத்தை வீணாக்குவோர் உண்டு. சலவைக்கு ஒரு வாளிக்கு ஒரு தேக்கரண்டி சலவைச்சோடா போதும். அயன் மாற்றுக் கருவி கல்சியத்தை நீக்கிச் சோடியத்தைச் சேர்ப்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த நீரைக் குடிக்குமுன் வைத்தியரைக் கேட்பது நல்லது.

வன்மைக்கென உலக சுகாதார நிறுவனம் உடல்நல அடிப்படையில் உச்ச அளவு எதையும் விதிக்கவில்லை. கல்சியமும் மக்னீசியமும் உடலுக்குத் தேவையானவையே. வடமத்திய மாகாணச் சிறுநீரக நோயில், ஃபுளோரைட்டுடன் சேர்ந்த வன்னீரின் பங்கு இன்னும் ஆராயப்படுகிறது. நெருக்கமாக வீடுகள் உள்ள ஏறாவூரில் அதைவிடக் கவலைக்குரியது, மலசலகூடக் குழிக்கு அருகே அமைந்த ஆழமற்ற கிணறு. கேத்தலில் கல் படிகிறதோ இல்லையோ, அந்த நீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்புப் பகுதிக்கு வருகிறது. குளத்தில் தேங்கும் மழைநீர் பொதுவாகக் கிணற்று நீரைவிட மென்மையானது. இரண்டும் உள்ள வீடுகளில் சமையலுக்கும் தேத்தண்ணிக்கும் குளத்து நீரையும், தோட்டத்துக்கும் கழுவலுக்கும் கிணற்றையும் பயன்படுத்தலாம். அப்போது கிணற்றில் இறைப்பும் குறையும்.