புதிதாக உடற்பயிற்சி தொடங்கினால் ஏன் இவ்வளவு களைப்பு?

உடற்பயிற்சி செய்தால் சுறுசுறுப்பு வரும் என்று மருத்துவர் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், தொலைக்காட்சியும் சொன்னது. நீங்களும் நம்பிப் புதிய காலணி வாங்கி, விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, வீடமைப்புப் பகுதிப் பூங்காவைச் சுற்றி வேகநடை போடத் தொடங்கினீர்கள். மூன்றாம் நாள் என்ன நடக்கிறது? பிற்பகல் மூன்று மணிக்கு வேலையிடத்தில் கண் சொருகுகிறது. நாற்காலியிலிருந்து எழுந்தால் தொடை இரண்டும் கல்லாய்க் கனக்கின்றன. இரவு நாடகம் முடியுமுன்பே தூக்கம் தள்ளுகிறது. சும்மா இருந்தபோதே நன்றாகத்தானே இருந்தோம் என்று மனம் முணுமுணுக்கத் தொடங்குகிறது.

பலர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். "வயசாகிடுச்சு, நம்ம உடம்புக்கு இது ஒத்துவராது" என்று முடிவுகட்டி, காலணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அவசர முடிவு. இந்தக் களைப்பு ஒன்றல்ல. பல களைப்புகள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்த கூட்டம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள்கணக்கு உண்டு. ஒன்று மூன்று நான்கு நாளில் போகும், ஒன்று இரண்டு வாரத்தில் போகும், ஒன்று போக ஒரு மாதத்துக்கு மேலாகும். சில களைப்புகள் தாமாகப் போகாது. அவற்றைத்தான் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பத்துமலையில் ஏறும்போதா, இறங்கும்போதா?

பத்துமலையின் 272 படிகளைப் பக்திக்காக மட்டும் அல்ல, பயிற்சிக்காகவும் ஏறி இறங்குபவர்கள் உண்டு. முதன்முறை ஏறுபவருக்குப் பாதி வழியிலேயே மூச்சு வாங்கும், தொடை எரியும். இறங்குவது சுலபம், கதை பேசிக்கொண்டே இறங்கிவிடலாம். இரண்டு நாள் கழித்துத் தொடை பிடித்துக்கொள்ளும்போது, ஏறியதால்தான் இந்த வலி என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் பெரும் பழி இறங்கியதற்குத்தான் சேர வேண்டும்.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை, உடலின் முழு எடையையும் தாங்கியபடி, நீண்டுகொண்டே வேலை செய்கிறது. மலைச்சரிவில் இறங்கும் லாரியின் பிரேக்கைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி நீளும்போது குறைவான தசை நார்களே அதிகச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத நார்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு சிதைவுகள் ஏற்படுகின்றன. உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்துச் சீரமைப்பு வேலை தொடங்குகிறது. தசையில் இலேசான அழற்சியும் வீக்கமும் உண்டாகி, அங்குள்ள நரம்பு முனைகள் கூருணர்வு அடைகின்றன. அதனால்தான் வலி மறுநாள் தலைகாட்டி, 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது.

இதற்கு லாக்டிக் அமிலத்தைக் குற்றம் சொல்வது ஜிம் பயிற்றுநர்களிடையேகூட இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் தியடோர் ஹஃப், தாமதமாக வரும் இந்த வலி தசைக்குள் ஏற்படும் சிதைவால் வருகிறது என்று 1902ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். 1983இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதை அழகாகச் சோதித்தது. சிலரை ஓடுபொறியில் 45 நிமிடம் சமதளமாகவும், இன்னொரு முறை இறக்கமாகவும் ஓட வைத்தார்கள். சமதளத்தில் ஓடியபோது இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடியது, ஆனால் பிறகு வலி வரவில்லை. இறக்கத்தில் ஓடியபோது அமிலம் குறிப்பிடும்படி கூடவில்லை, வலியோ நன்றாகவே வந்தது. ஏறும்போது தொடையில் ஏற்படும் எரிச்சலோடு சேர்ந்து கூடும் லாக்டிக் அமிலமும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். இரண்டு நாள் உட்கார்ந்திருக்க அதற்கு நேரமில்லை.

வலிக்கும் தசை சில நாள்களுக்கு வலுக் குறைந்த தசையாகவும் இருக்கும். வீட்டு மாடிப்படி ஏறுவது போன்ற சின்ன வேலைக்கும் மூளை வழக்கத்தைவிட அதிகமாக முடுக்கிவிட வேண்டியிருக்கிறது. எதைச் செய்தாலும் பாரமாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை இந்த அடியை வாங்கிய தசை அதைப் பல வாரங்களுக்கு மறப்பதில்லை. பத்து நாள் கழித்து அதே படிகளில் இறங்கிப் பாருங்கள். வலி முன்பிருந்ததில் ஒரு பங்குதான் இருக்கும்.

சோற்றை நிறுத்தியவர்கள்

உடற்பயிற்சி தொடங்கும் அதே திங்கட்கிழமை சோற்றையும் நிறுத்துவது நம்மிடையே பெரிய வழக்கம். ஒரே வாரத்தில் உடம்பிடம் இரட்டைக் கடன் கேட்பதற்குச் சமம் அது.

நாம் உண்ணும் சோறு, சப்பாத்தி, கிழங்கில் உள்ள மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் உடல் சேமிக்கிறது. தசைகளில் ஏறக்குறைய 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். கொழுப்பைப் போல இது கிலோ கணக்கில் கையிருப்பு இருக்காது. பயிற்சி பெற்ற தசை நடக்கும்போது கொழுப்பை அதிகம் எரித்துக் கிளைகோஜனை மிச்சப்படுத்தத் தெரிந்தது. புதிய தசைக்கு அந்தச் சிக்கனம் தெரியாது; அதே வேக நடைக்குக் கிளைகோஜனை அள்ளி அள்ளிச் செலவழிக்கும். செலவு கூடும் வாரத்திலேயே வரவையும் அடைத்துவிட்டால் கால் கனப்பதும், எரிச்சல் வருவதும், பிற்பகலில் தலை மந்தமாவதும் வியப்பில்லை.

எடை குறைக்க விரும்பினால் தே தாரிக்கில் உள்ள சீனியில் கை வையுங்கள். சோற்றை அடியோடு நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள். அதையும் பயிற்சி பழகி இரண்டு வாரம் ஆன பிறகு செய்தால் உடம்பு முரண்டு பிடிக்காது.

ஊர் வெயிலும் ஈரப்பதமும்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து ஓடத் தொடங்குபவர்கள் மறந்துவிடும் ஒன்று நம் பருவநிலை. விடியற்காலையில் வெயில் இல்லை என்பது சரி, ஆனால் ஈரப்பதம் அப்போதுதான் மிக அதிகம். நம் நாட்டில் அது அந்நேரத்தில் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். அப்போது இதயம் தசைகளுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும், வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். குளிர்சாதன அறையில் அரை மணி நேரம் நடப்பதும் பூங்காவில் அரை மணி நேரம் நடப்பதும் இதயத்துக்கு ஒரே வேலை அல்ல.

உடல் இதற்கும் வழி கண்டுபிடிக்கிறது. சில நாள்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக இரத்தம் அனுப்ப முடிகிறது. வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதில் உப்பும் குறைகிறது. இவை கைகூட 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை வரும் களைப்பில் பெரும்பங்கு வெப்பத்தால் வருவதே. இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள்: எடை குறையும் என்று நைலான் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள். அதில் குறைவது தண்ணீர். வீட்டுக்கு வந்து குடித்ததும் திரும்பிவிடும்.

மிக மெதுவாக நடக்கும் மாற்றம் தசை அணுக்களுக்கு உள்ளே நடக்கிறது. உணவையும் ஆக்சிஜனையும் கொண்டு சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணுறுப்புகள் அங்கே பெருக வேண்டும். பல வாரங்கள் ஓட்டப் பயிற்சி பெற்ற எலிகளின் தசையில் இவற்றின் திறன் ஏறக்குறைய இரட்டிப்பாவதை ஜான் ஹாலஸி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1967இல் காட்டினார். மனிதருக்கும் இதற்கு நான்கு, ஐந்து வாரமாவது தேவை. சுறுசுறுப்பு வரும் என்று எல்லாரும் சொன்னது பொய் இல்லை. அது வந்து சேரும் தேதியைத்தான் யாரும் சொல்லவில்லை.

குறைவாகத் தொடங்கியவர்களுக்கே அதிகப் பலன்

அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோய் எதுவும் இல்லாமல், ஆனால் எப்போதும் களைப்பாக இருப்பதாகச் சொன்ன, உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 36 இளையர்கள் அதில் பங்கேற்றனர். ஒரு குழு மிதமான வேகத்தில் நிலைமிதிவண்டி மிதித்தது. இன்னொரு குழு மிக இலேசாக, கிட்டத்தட்ட ஓய்வான நடைபோல மிதித்தது. மூன்றாம் குழு எதையும் செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம், ஆறு வாரம். மிதித்த இரு குழுக்களிலும் உற்சாக உணர்வு சுமார் 20 விழுக்காடு கூடியது. களைப்பு உணர்வோ மிதமாகச் செய்தவர்களிடம் 49 விழுக்காடு குறைந்தது, இலேசாகச் செய்தவர்களிடம் 65 விழுக்காடு குறைந்தது.

சிறிய ஆய்வுதான். ஆனாலும் முதல் நாளே வியர்த்து விறுவிறுத்து விழுந்தால்தான் அது பயிற்சி என்ற எண்ணத்துக்கு அது நல்ல பதில். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் வாரத்திலேயே எட்ட வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்து, வாரம் ஐந்து நிமிடம் கூட்டினால் போதும். வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம்கூட வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம்.

இன்னொன்று, ஐந்தரைக்கு எழுபவர் பழையபடி நள்ளிரவு வரை கைப்பேசி பார்த்தால், களைப்புக்குக் காரணம் தூக்கமின்மை. அந்தப் பழியைப் பயிற்சியின் தலையில் போட முடியாது.

தானாகப் போகாத களைப்புகள்

பயிற்சிக்குப் பின் வரும் களைப்பு வாரத்துக்கு வாரம் குறைய வேண்டும். ஒரு மாதம் ஆகியும் அப்படியே இருந்தால், அல்லது கூடினால், உள்ளே ஏற்கெனவே இருந்த ஒன்றைப் பயிற்சி வெளிக்காட்டியிருக்கலாம்.

முதல் சந்தேகம் இரத்தசோகை. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் சாதாரண நடையே மலையேற்றமாகிவிடும். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது, இனிப்பு நீர் என்று நம்மவர்கள் சொல்லும் நீரிழிவு. அதே ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் பெரியவர்களிடையே 31 விழுக்காட்டினருக்கு இது உண்டு. நாட்டின் சராசரி அப்போது 18 விழுக்காடாக இருந்தது. ஆகவே இந்தப் பத்தி நம் வீடுகள் பலவற்றுக்கும் பொருந்தும். உடற்பயிற்சி செய்யும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது. ஓய்ந்த பின்னும் பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் வரைகூட, அது தொடரும். நீரிழிவுக்கு அது நல்லதுதான். ஆனால் இன்சுலின் போடுபவருக்கும், கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கும் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும். கை நடுக்கம், வியர்வை, கடும் பசி, தலை மந்தம் ஆகியவை அதன் அறிகுறிகள். நடந்துவிட்டு வந்தவருக்கு வியர்ப்பதும் சோர்வதும் இயல்புதானே என்று வீட்டில் விட்டுவிடுவார்கள், ஆபத்து அங்கேதான். உடனே சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பயிற்சி தொடங்கியதை மருத்துவரிடம் சொன்னால் அளவை அவர் மாற்றித் தருவார்.

டெங்கியோ கோவிட்டோ வந்து தேறியவர்களுக்குக் களைப்பு பல வாரம் நீடிக்கலாம். கொஞ்சம் பயிற்சி செய்த மறுநாள் உடம்பு முழுதும் அடித்துப் போட்டதுபோல் ஆகி, அது பல நாள் நீடித்தால், "விடாமல் செய்தால் சரியாகிவிடும்" என்ற அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாது. பயிற்சியைக் குறைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போக வேண்டும். நெஞ்சில் அழுத்தம், சிறு நடைக்கே மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை வந்தால் நாள் கடத்தக் கூடாது. அன்றே, அப்போதே மருத்துவமனைதான்.

கடைசியாக ஒரு நிறம். புதிதாக ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போட்டவர், அல்லது மிதிவண்டி வகுப்பில் மற்றவர்களுக்கு ஈடுகொடுத்து ஒரு மணி நேரம் மிதித்தவர், ஓரிரு நாளில் சிறுநீர் தே ஓ நிறத்தில் போவதைக் கண்டால் அது சாதாரணத் தசைவலி அல்ல. அளவுக்கு மீறிச் சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது குண்டு விழுந்து, இடிபாடுகளில் தசை நசுங்கியவர்களின் சிறுநீரகம் செயலிழப்பதை 1941இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்; அடிப்படையில் அதே கோளாறுதான் இது. தொடை வீங்கி, காலை மடக்க முடியாமல் போவதும் இதன் அறிகுறி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அவற்றில் சில சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், என்ன பயிற்சி, எத்தனை நாள் முன்பு என்பதை முதலில் சொல்லுங்கள். கிரியேட்டின் கைனேஸ் என்ற இரத்தப் பரிசோதனை செய்வார்கள். சீக்கிரம் போனவர்களில் பெரும்பாலோர் நரம்பு வழியாக ஏற்றப்படும் உப்புநீரிலேயே தேறிவிடுகிறார்கள்.