குன்றில் ஏறி இறங்கும் படகு: கால்வாய் ‘லாக்’ எப்படி வேலை செய்கிறது?

இங்கிலாந்தின் டிவைசஸ் நகரை ஒட்டிய கேன் ஹில்லில் கால்வாய்ப் படகுகள் ஒரு குன்றையே ஏறி இறங்குகின்றன. சுமார் 3 கி.மீ. தூரத்தில் 29 லாக்குகள். மொத்த உயரம் 72 மீட்டர். கடக்க 5, 6 மணி நேரம் ஆகலாம்.

லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். இறங்க வேண்டுமா? தொட்டி நிரம்பியிருக்கும்போது படகை உள்ளே விட்டு, மேல் கதவை மூட வேண்டும். கைப்பிடியைச் சுழற்றி கீழ் மதகைத் திறந்தால் தண்ணீர் வடியும். படகும் கூடவே இறங்கும். வெளியே உள்ள நீர்மட்டத்துக்கு வந்ததும் கீழ்க் கதவைத் திறக்கலாம். ஏறும்போது இதே வேலை தலைகீழாக. தொட்டியை நிரப்பவோ வடிக்கவோ பம்ப் தேவையில்லை.

ஆபத்து எங்கே?

மேல் கதவுக்கு அடியில், தண்ணீருக்குள் ஒரு திட்டு மறைந்திருக்கும். இறங்கும்போது படகின் பின்பகுதி அதில் மாட்டிக்கொண்டால், முன்பகுதி மட்டும் கீழே சாயும். உள்ளே தண்ணீர் புகுந்து, சில நிமிடங்களிலேயே படகு மூழ்கிவிடலாம்.

அதற்காகத்தான் லாக்கின் ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். பின்முனை அந்தக் கோட்டைத் தாண்டி முன்னாலேயே இருக்க வேண்டும். மாட்டிக்கொண்டால்? உடனே கீழ் மதகை மூட வேண்டும். பிறகு மேல் மதகை மெதுவாகத் திறந்து தொட்டியை மறுபடி நிரப்ப வேண்டும்.

அதனால் மதகைத் திறந்துவிட்டு செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள். கண் படகின் மீதே இருக்கட்டும்!