புண்ணாக்கிலிருந்து தொடங்கும் கேள்விகள்

ஊரில் சிறுதொழில் நடத்தும் ஒருவரை நேர்கண்டு ஆய்வேடு எழுதச் சொன்னால், மரச்செக்கு வைத்திருப்பவரிடம் போங்கள் என்பேன். அங்கே தொழில் முழுவதும் கண்முன்னே நடக்கிறது. ஆனால் "எந்த வருஷம் தொடங்கினீர்கள், முதலீடு எவ்வளவு" என்று கேள்வித்தாளை நீட்டிவிடாமல், முதலில் கொஞ்சநேரம் செக்கைப் பாருங்கள்.

செக்கு என்பது உரலும் உலக்கையும்தான். உரலுக்குள் உலக்கை சற்றுச் சாய்ந்து நின்று அரைக்கும். அதற்கும் உரலின் சுவருக்கும் நடுவே சிக்கும் எள்ளோ கடலையோ நொறுங்கி, மாவாகி, இறுகி, எண்ணெயைக் கக்கும். மாடு பூட்டிய காலத்தில் தடியின் மேல் ஏற்றிய கல்லின் பாரம் உலக்கையை அழுத்தியது. இப்போது மோட்டார் ஓட்டுகிறது. உலக்கைக்கு வாகை மரத்தையே இன்றும் விரும்புகிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'செக்கிறை' என்ற வரியே வருகிறது. கொங்கு நாட்டில் கல்செக்கிலேயே எழுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள்.

எள் ஆட்டும்போது பாருங்கள். நடுவில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கருப்பட்டி போடுவார். "இது எதுக்கு அண்ணாச்சி?" என்று அந்த நேரத்திலேயே கேட்டுவிட வேண்டும். எள்மாவிலுள்ள புரதமும் நாரும் தண்ணீரை இழுத்துக்கொண்டு எண்ணெயை வெளியே தள்ளுகின்றன. கருப்பட்டி மாவைப் பிடித்துக் கட்டியாக்குகிறது. தண்ணீர் கூடினால் எண்ணெய் கலங்கும், குறைந்தால் எண்ணெய் பிரியாது. எவ்வளவு தெளிப்பது என்பதை அவர் கை அறியும். அந்தக் கையைப் பற்றி ஒரு பத்தியாவது ஆய்வேட்டில் இருக்க வேண்டும்.

லாபம் எவ்வளவு என்று நேராகக் கேட்டால் முகம் சுருங்கும். புண்ணாக்கை யார் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள், கணக்கு தானாக வெளியே வரும். நிலக்கடலைப் பருப்பின் எடையில் ஏறத்தாழ 45 முதல் 50 சதவீதம் எண்ணெய். செக்கு மெதுவாகச் சுற்றுவதால் சூடும் அழுத்தமும் குறைவு, ஆகவே ஒரு பங்கு எண்ணெய் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். இரும்புத் திருகு சுழலும் எக்ஸ்பெல்லர் அதைவிட நன்றாகப் பிழியும். ஹெக்சேன் ஊற்றிக் கரைத்தெடுக்கும் ஆலைகளோ மிச்சத்தை 1 சதவீதம் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். செக்குக்காரர் விட்டுவிட்ட எண்ணெய்க்கு ஈடாக, மாடு வளர்ப்பவர் தரும் புண்ணாக்கு விலையும் நாம் தரும் கூடுதல் எண்ணெய் விலையும் வர வேண்டும். செக்கெண்ணெய் ஏன் விலை அதிகம் என்பதற்கு எந்த விளம்பரத்தையும்விட நேர்மையான விடை இது.

எண்களைக் குறிக்கும்போது கிலோவா லிட்டரா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் கடலெண்ணெய் சுமார் 910 கிராம்தான். பருப்பைக் கிலோவில் வாங்கி எண்ணெயை லிட்டரில் விற்கும் கடையில் இதைக் கவனிக்காவிட்டால் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட கணக்கு பிசகும்.

தவிர்க்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. சரியாகக் காயாத கடலையில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும், ஈரல் புற்றுநோய்க்கும் காரணமாகும். பெரிய ஆலைகளில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் போய்விடுகிறது. செக்கெண்ணெய்க்கு அந்தக் கட்டமே கிடையாது. வெயிலில் வைத்துத் தெளிந்ததும் வடித்து ஊற்றுவதுதான். ஆகவே பாதுகாப்பு முழுவதும் கடலையைத் தேர்ந்து வாங்குவதில் இருக்கிறது. "கலப்படம் செய்கிறீர்களா" என்ற தொனியில் ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "கடலை நல்லா காஞ்சிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேளுங்கள். ஒரு கைப்பிடி அள்ளிக் குலுக்கி, ஒன்றைக் கடித்து உடைத்துக் காட்டுவார். சுருங்கியதையும் கறுத்ததையும் யார் பொறுக்குகிறார்கள், பொறுக்கியது எங்கே போகிறது என்று தொடர்ந்து கேட்கலாம்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் போகாதீர்கள். பலகாரத்துக்கு எண்ணெய் வாங்கும் கூட்டத்தில் அவருக்கு நிமிர நேரமிருக்காது. கைபேசியில் பதிவு செய்யவும் பெயரைப் போடவும் சம்மதம் கேளுங்கள். ஆய்வேட்டைக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு படியை அவரிடம் காட்டுங்கள். கிலோ கணக்கில் பிழை இருந்தால் பேராசிரியருக்கு முன் அவரே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்.